ஆட்கள் வந்தால் ஹீட்டர்

தீபாவளிக்குப் பிறகு இன்றைக்குத்தான் லண்டன் செவன் கிங்ஸுக்கு அம்மாவைப் பார்க்க வந்தேன். கதவு மணியை அழுத்தியதும் உள்ளே வீட்டைச் சூடாக்கும் பொய்லர் டக்கென்று பற்றி உறுமியது. சின்ன வயதிலிருந்தே தெரிந்த சத்தம்.

அப்போதும் இதே வீடுதான். குளிர் தொடங்கினால் அப்பா பழைய சாரத் துணியைக் கிழித்து யன்னல் இடுக்குகளில் செருகுவார். அம்மா துவாயைச் சுருட்டிக் கதவடியில் வைப்பார். ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு எல்லோரும் ஒரே அறையில் இருப்போம். காஸ் பில்லுக்குப் பயந்து, ஹீட்டர் ஆட்கள் வந்தால் மட்டும்தான். மணி அடித்தால் அம்மா முதலில் பொய்லரிடம் ஓடுவார், பிறகுதான் கதவுக்கு.

ஒருநாள் அப்பாவோடு பெட்ரோல் ஷெட்டில் வேலை செய்த செல்வம் மாமா வந்தார். கோட்டைக் கழற்றிவிட்டு, "உங்கட வீடு நல்ல சூடு" என்றார்.

"நீங்கள் வந்தபடியாத்தான் மாமா ஹீட்டர் போட்டவை. நாளைக்கும் வாங்கோ" என்றேன் நான்.

தேத்தண்ணிக் கோப்பையோடு வந்த அம்மா அப்படியே நின்றுவிட்டார். அப்பா தலை நிமிரவில்லை. மாமா மெதுவாகக் கோட்டைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

"எனக்கு இந்தச் சூடு ஒத்துவராது தங்கச்சி, நிப்பாட்டுங்கோ."

அந்தக் கனிவைத் தாங்க முடியாமல் அம்மா குசினிக்குள் போய்விட்டார்.

இப்போது கதவு திறந்தது. "வா ராசா, உள்ளுக்கு நல்ல சூடு" என்று அம்மா என் கன்னத்தைத் தொட்டார். விரல்கள் ஐஸாக இருந்தன. ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டிருந்தார். கோட்டைக் கழற்றவா வேண்டாமா என்று தெரியாமல் வாசலிலேயே நின்றேன்.