சக்கையில் விட வேண்டிய ஈரம்

அக்பர் பாய்க்கு ஐம்பத்து நான்கு வயது. நல்லூரில் ஒரு சாயப்பட்டறையில், துணி உலர்த்தும் மெஷினில் பாதி ஆயுளைப் போட்டவர். பட்டறையை மூடிவிட்டார்கள். மூட்டை தூக்கலாம் என்றால் முழங்கால் சம்மதிக்கவில்லை. அலைந்து அலுத்த பிறகு, கணியூர்ப் பக்கம் மக்காச்சோளத்தில் எத்தனால் எடுக்கும் ஆலையில் டிரையர் வேலை கிடைத்தது. ஒரு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்றார்கள்.

"பாய், சாராயக் கம்பெனிக்கா போறீங்க?" என்று தெருவே கேலி செய்தது. மனைவி சைதுன்னிசாவுக்கும் அதே உறுத்தல்.

"அது பெட்ரோல்ல கலக்கறது. நான் அதைத் தொடறதுகூட இல்ல. மிச்ச சக்கையைக் காய வெக்கறதுதான் என் வேலை" என்றார்.

சோளத்தின் மாவுச்சத்து எத்தனாலாகப் போய்விடும்; புரதம் சக்கையில் தங்கும். பக்குவமாக உலர்த்தினால் பல்லடத்துக் கோழிப்பண்ணைகளுக்கு நல்ல தீவனம்.

பாய் என்ன செய்தார்? பட்டறைப் பழக்கத்தில் சக்கையை உள்ளங்கையில் அழுத்திப் பார்த்தார். ஈரம் தட்டியது. சூட்டை ஏற்றினார். துணியில் துளி ஈரம் நின்றாலும் ஓனரிடம் திட்டு வாங்கிய உடம்பு அது. மனுஷன் கொஞ்சம் சோம்பேறியாக இருந்திருந்தால் இந்த வினையே வந்திருக்காது.

பண்ணையிலிருந்து லோடு திரும்பி வந்தது. லேப்பில் வேலை பார்க்கும் ஜனனி ஒரு கைப்பிடி எடுத்துக் காட்டினாள். காப்பித்தூள் நிறம், தீய்ந்த வாசம்.

"சூடு அதிகமானா புரதம் கருகிருமுங்க பாய். கோழி தின்னாலும் உடம்புல ஒட்டாது. பத்துல ஒரு பங்கு ஈரம் இருக்கோணும்."

"ஈரத்தோட எப்படி கண்ணு மூட்டை கட்டறது? மனசே வரலியே."

"மனசைக் கேக்காதீங்க, ஈரம் காட்டுற மீட்டரைப் பாருங்க. இன்னொரு லோடு திரும்புனா மேனேஜர் உங்களை நிறுத்திருவாருங்க."

அன்று முதல் பாய் சூட்டைக் குறைத்தார். மீட்டர் சரி என்றது, கை இல்லை என்றது. கைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு மீட்டரையே பார்த்து நின்றார். சக்கை பொன்னிறமாக வந்தது. அதன்பின் போன லோடு எதுவும் திரும்பி வரவில்லை. மாதக் கடைசியில் நிரந்தரம் என்றார்கள்.

இரண்டு பஸ் மாறி வீடு சேர்ந்தவரிடம் சைதுன்னிசா, "வேலை நிலைச்சிருச்சுங்களா?" என்று ஆவலாகக் கேட்டாள்.

"நிலைச்சிருச்சு" என்றார். சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. "இத்தனை வருஷமா படிச்சதை மறந்தாத்தான் அங்க சோறு. இந்த வயசுல அதையும் மறந்துட்டேன் போ."

சாப்பாடு வேண்டாம் என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.