கொக்கோ வைனும் இரண்டு சாராயப் போத்தலும்

கொக்கோக் காயை உடைத்தால் கொட்டையைச் சுற்றி வெள்ளையாக ஒரு சதை இருக்கும். றம்புட்டான் மாதிரி இனிப்பும் புளிப்பும் கலந்த சதை. கொட்டைகளைக் குவித்து வாழை இலை போட்டு மூடினால் அது கரைந்து சாறாக ஓடும். இரத்தோட்டைப் பக்கம் கொக்கோ மரம் வைத்திருக்கிற எல்லாரும் அந்தச் சாற்றை அழுக்குத் தண்ணீர் போகும் கானில் ஓட விட்டுவிடுவார்கள். நான் விடமாட்டேன். எதையும் வீணாக்க எனக்கு மனம் வராது. கடைசியில் அந்தக் குணம்தான் என்னைத் தலைகுனிய வைத்தது.

கிறிஸ்மஸுக்கு வைன் போடுவது கல்யாணத்துக்கு முன்பிருந்தே என் வேலை. நடுவில் பல வருடம் போடவில்லை. காரணம் என் வீட்டுக்காரர். சீகிரியாவில் ஒரு ஹோட்டல் பாரில் வேலை செய்தவர். வெள்ளைக்காரர்களுக்குப் போத்தல் திறந்து திறந்து, கடைசியில் தனக்கும் திறக்க ஆரம்பித்தார். வேலை போனது. நாலு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் குடியை நிறுத்தினார். இப்போது த்ரீவீலர் ஓட்டுகிறார். நிறுத்திய பிறகு ஒரு சொட்டும் தொடவில்லை. அதை நான் நம்பினேன். சரியாகச் சொன்னால், நம்புகிறேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

போன வருடம் ஜூன் மாதம் அவரே பேச்சை எடுத்தார்.

"வைன் போடேன். என்னால வீட்டுல நல்ல நாள் பெருநாள் இல்லாமப் போகணுமா?"

"உங்களுக்குக் கஷ்டமா இருக்காதா?"

"இருக்கும். அதுக்காக? டவுனுக்குப் போனா பார் கண்ணுல படாமலா இருக்கு?"

அதோடு நிற்கவில்லை. சும்மா வைன் வேண்டாம், நுரைக்கிற வைன் போடுவோம், எப்படியென்று எனக்குத் தெரியும் என்றார். பல வருடத்துக்குப் பிறகு ஒரு விஷயம் தனக்குத் தெரியும் என்று அவர் சொல்லிக் கேட்டேன். சரி என்றேன்.

முதல் நாள் ஓடிய சாற்றை வடித்து, சீனியும் ஈஸ்ட்டும் போட்டு பிளாஸ்டிக் கேனில் வைத்தேன். ஒரு வாரம் பொங்கித் தள்ளியது. இரண்டு மாதத்தில் தெளிந்தது. டியூப் போட்டு மேலே தெளிந்ததை மட்டும் இழுத்தோம். இழுத்தோம் என்றால், வாய் வைத்து உறிஞ்சியது நான். அவர் டியூபின் நடுவைப் பிடித்துக்கொண்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

நுரை வரவேண்டுமானால் அடைக்கும்போது ஒவ்வொரு போத்தலிலும் கொஞ்சம் சீனி போட வேண்டும். ஈஸ்ட் அதைத் தின்று காற்றை விடும். வெளியே போக வழியில்லாமல் அந்தக் காற்று வைனுக்குள் அடங்கும். அதைத் தாங்க நல்ல போத்தல் வேண்டும். அவர் பழைய கூட்டாளியிடம் சொல்லி, ஹோட்டலில் காலியான ஷாம்பெய்ன் போத்தல் இருபத்தி நாலு கொண்டுவந்தார். அடியில் குழி விழுந்த, தடித்த போத்தல்கள். அடைப்பானை அமுக்கிக் கம்பி போட்டு முறுக்கும்போது அவர் கையைப் பார்க்க வேண்டுமே! ஒரு நடுக்கமில்லை.

"மத்த போத்தல்ல ஊத்திராத. வெடிக்கும்," என்றார்.

இருபத்தி நாலும் நிரம்பிய பிறகு கேனில் இன்னும் இரண்டு போத்தலுக்கு வைன் மிச்சம். கொட்டுவதா? அவர் த்ரீவீலரில் ஆள் ஏற்றிக்கொண்டு ஹயர் போன நேரம் பார்த்து, தேங்காயெண்ணெய் ஊற்ற வைத்திருந்த இரண்டு சாராயப் போத்தலைக் கழுவினேன். எங்கள் பக்கம் சாராயப் போத்தல் இல்லாத வீடு ஏது? எண்ணெய், தேன், மண்ணெண்ணெய் எல்லாம் அதில்தான். சீனி போட்டு, வைன் ஊற்றி, மூடியை இறுக்கி, ஸ்டோர் அறையில் சாக்குக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

அதன்பிறகு தினமும் காலையில் வேலைக்குப் போகுமுன் ஸ்டோருக்குள் போய் எண்ணுவேன். இருபத்தாறு. ஏதாவது வெடித்ததா என்று பார்க்கத்தான் போகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பச்சைப் பொய். அவர் எடுத்துக் குடித்தாரா என்று பார்க்கத்தான் போனேன்.

அக்டோபரில் ஒருநாள் பின்னேரம், மாத்தளையில் நான் வேலை செய்யும் துணிக்கடையிலிருந்து திரும்பினேன். வாசலிலேயே வைன் வாசம் மூக்கில் அடித்தது. அவர் பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. ஒரு கையில் துணி சுற்றியிருந்தது. காலடியில் வாளி. வாளிக்குள் உடைந்த சாராயப் போத்தலின் கழுத்து.

நான் ஒளித்து வைத்த போத்தல் அந்த நிமிடம் ஞாபகத்துக்கே வரவில்லை. பழைய நாட்கள்தான் வந்தன.

"மூணு வருசம்! மூணு வருசமா என்னைய முட்டாளாக்கிட்டீங்களே! மாதா படத்துக்கு முன்னால சத்தியம் பண்ண வாயா இது?"

"இந்தா, மொதல்ல நான் சொல்றத—"

"பேசாதீங்க! நாத்தம் அடிக்குது!"

குடித்த காலத்தில் அவர் வீட்டுக்கு வந்ததும் நான் முதலில் பிடுங்குவது வண்டிச் சாவியை. அன்று அவரே சாவியை எடுத்துப் படியில் வைத்தார். ரோட்டுப் பக்கம் நடந்து போய்விட்டார்.

அழுதுகொண்டே ஸ்டோருக்குப் போனேன், எத்தனை குடித்திருக்கிறார் என்று எண்ண. சுவரெல்லாம் வைன். சாக்கில் கண்ணாடித் துண்டு குத்தி நின்றது. தடித்த போத்தல் இருபத்தி நாலும் அப்படியே இருந்தன, வெடித்தாலும் தெறிக்காமலிருக்க அவர் மேலே போர்த்திய ஈரச் சாக்கோடு. இல்லாதது என் இரண்டு சாராயப் போத்தலும்தான். ஐயோ கடவுளே என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் கையை வெட்டியது நான் வைத்த போத்தல்.

தேடிப் போனபோது அவர் சந்திக் கடையில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். சாவியைக் கிளாஸுக்குப் பக்கத்தில் வைத்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாயில் வந்ததோ வேறு.

"இருபத்தி நாலும் இருக்குங்க."

"தெரியும். காலையில எண்ணினேன். நீ போன பொறகு தெனமும் எண்ணுறேன்."

"நீங்க எதுக்கு எண்ணணும்?"

"நீ எதுக்கு எண்ணுற?"

அவர் டீயைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"நீ என்னைய நம்பல. நானும் என்னைய நம்பல. அதான்."

மன்னிச்சிருங்க என்றேன். கடைக்காரர் காதில் விழுந்திருக்கும். விழட்டும்.

"அந்த ரெண்டு போத்தல் ஏது?"

"நாந்தான் வச்சேன்."

"வெடிக்கும்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க."

டீயைக் குடித்து முடித்து, சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார். நாலு திட்டுத் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை நான் ஸ்டோர் பக்கம் போகவில்லை. அவர் போனார். வெளியே வந்து, "இருபத்தி நாலு," என்றார். அதிலிருந்து தினமும் அப்படித்தான். நான் சோறு கட்டிக்கொண்டிருப்பேன், அவர் வந்து எண்ணிக்கை சொல்வார், நான் சரி என்பேன்.

டிசம்பரில் அக்கம்பக்கத்துக்கும் சர்ச்சில் தெரிந்தவர்களுக்கும் கொடுத்தது போக, மிச்சத்தைக் கிறிஸ்மஸ் அன்று திறந்தோம். டமார் என்று வெடிக்க வேண்டும் என்று வீட்டுக்கு வந்திருந்த என் தம்பியின் பிள்ளைகள் கத்தினார்கள். அவர் கேட்கவில்லை, சத்தம் வந்தால் திறக்கிறவன் வேலைக்குப் புதுசு என்று அர்த்தமாம். உஸ் என்று மெதுவாக விட்டார். நுரை கிளாஸின் விளிம்பு வரை ஏறி நின்றது.

"ருசி எப்படி மச்சான்?" என்று என் தம்பி தெரியாமல் கேட்டுவிட்டான்.

"அக்காகிட்ட கேளு. அவதான் குடிச்சுப் பார்த்தா."

நன்றாக இருந்தது. நாக்கில் குத்தி, புளித்து, கடைசியில் லேசாக இனித்தது. அதை அவரிடம் விவரமாகச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை பழக்கத்தில் ஸ்டோர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு வந்தார்.

"ஒண்ணும் இல்ல," என்று சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அடுத்த தடவைக்கு எத்தன போத்தல் சொல்லி வைக்க?"

"இருபத்தாறு," என்றேன். "எல்லாமே தடிச்சதா இருக்கட்டும்."