மலாவிச் சாலையை மழையில் பார்த்த கதை

2007 பெப்ரவரியில் மலாவிக்குப் போனேன். நோர்வே உதவிப் பணத்தில் அங்கே போட்ட ஒரு கிராமத்துச் சாலை எப்படி இருக்கிறது என்று ஆண்டுதோறும் பார்த்து எழுதுவது, ஒஸ்லோவில் நான் வேலை செய்யும் நிறுவனத்தின் பொறுப்பு. வழமையாக ஜூனில் போவார்கள். ஜூலையில் ஒஸ்லோவே விடுமுறைக்குக் கிளம்பிவிடும், அதற்குள் அறிக்கை முடிய வேண்டும். ஜூனில் மலாவியில் மழையே இராது. ஒருமுறையாவது மழையில் பார்ப்போம் என்று நான்தான் அடம்பிடித்தேன்.

ஒஸ்லோவிலிருந்து ஆம்ஸ்டர்டாம், நைரோபி வழியாக லிலொங்வேக்குப் பத்தொன்பது மணி நேரம். சீட்டு 11,400 குரோனர். சாரதியோடு ஜீப் நாளுக்கு 95 டொலர், டீசல் தனி. காலை 6.10க்குப் புறப்பட்டோம். எழுபது கிலோமீட்டர் தார்ச்சாலை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. பிறகு செம்மண், நாங்கள் பார்க்க வந்த சாலை. அதன் பத்தொன்பதாவது கிலோமீட்டரில் சாலையையே காணவில்லை, அறுபது மீட்டருக்குத் தண்ணீர். இறங்கி அளந்தேன், இடுப்பளவு. (ஒஸ்லோவில் எங்கள் ஹவுகெட்டோ நிலையத்தில் ரயில் நாலு நிமிடம் பிந்தினாலே மன்னிப்புக் கேட்பார்கள்.)

சாரதி ஜோசப்பின் ஊர் அக்கரையில். ஆஸ்பத்திரி இக்கரையில்.

"போன மழையில் என் மனைவிக்கு அந்தக் கரையில்தான் பிள்ளை பிறந்தது. தங்கவில்லை," என்றார் ஆங்கிலத்தில். "இன்னொன்று வேண்டும் என்கிறாள். இங்கே ஒரு மதகுப் பாலம் வரட்டும் என்கிறேன். எழுதுவீர்களா?"

எழுதுவேன் என்றேன். மூன்று மணி நேரம் காத்திருந்துவிட்டுத் திரும்பினோம்.

அலுவலகத்தில் அறிக்கையைத் தொகுப்பவர் கார்த்திக், கோயம்புத்தூர்க்காரர், கெட்டிக்காரப் பையன்.

"ஆறு வருஷமா ஜூன்ல எடுத்த டேட்டா, அண்ணா. நடுவுல பிப்ரவரியைச் சொருகினா ஒப்பிடவே முடியாது. பின்னிணைப்புல போட்டுடலாம்."

"பின்னிணைப்பை ஆர் தம்பி வாசிக்கிறது? தண்ணி இடுப்பு மட்டும். நான் இறங்கிப் பாத்தனான்."

"பார்த்தீங்க, சரி. மழையா வெயிலான்னு கேக்க ஃபார்ம்ல இடமே இல்லையே."

மேலாளரும் அதையே நாகரிகமாகச் சொன்னார். போன ஜூனின் 'நல்ல நிலை' அப்படியே நின்றது. அறிக்கையை இருபது பக்கத்துக்குள் அடக்கியபோது பின்னிணைப்பும் போயிற்று. சண்டை பிடித்திருக்கலாம். ஈஸ்டர் விடுமுறைக்கு எல்லோரும் பனிச்சறுக்குப் பலகையோடு கிளம்பிக்கொண்டிருந்தார்கள். நானும் கிளம்பினேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

மே மாதம் ஜோசப்பிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது: "மதகு எப்போது? மனைவி கேட்கிறாள்." நான் பதில் போடவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: மலேரியாக் குளிசையைப் புறப்படுமுன்பே தொடங்கிவிடுங்கள். டொலரைச் சிறிய தாள்களாக வைத்திருங்கள். ஜூனில் போங்கள், சாலை நல்ல நிலையில் இருக்கும். அறிக்கையில் அப்படித்தான் இருக்கிறது, கீழே என் கையெழுத்தும் இருக்கிறது.