கதவுக்குள் காணாமல் போன செண்டை

ஈயம் உருகும் புகை மூக்கில் ஏறினால் போதும், சுனிதாவின் பழைய வேன் என் கண் முன்னால் வந்து நிற்கும்.

பாறசாலையில் எனக்குக் கார் ஆடியோ கடை. சுனிதா கொல்லயிலில் பெண்கள் செண்டைமேளக் குழு நடத்துகிறவர். புதுக் குழு; ஓர் உற்சவத்துக்கும் இன்னும் அழைப்பு வரவில்லை. அன்று மதியம் கோயில் கமிட்டிச் செயலாளர் சிவதாணு மாமா கடைக்கு வந்து, வேனில் உட்கார்ந்து அவர்கள் மேளத்தின் பதிவைக் கேட்பதாக ஏற்பாடு. முன்பு செல்போனில் போட்டுக் காட்டியபோது, "தகரத்துல மழை பெய்யுத மாதிரி உண்டு" என்று உதட்டைப் பிதுக்கியிருந்தார்.

புது செட், ஆம்ப், முன்கதவு இரண்டிலும் ஸ்பீக்கர். மாட்டி முடித்துப் பதிவை ஓடவிட்டேன். மெல்லிய அடிகள் துள்ளித் துள்ளி வந்தன. வலந்தலை, அடிவயிற்றில் இடிக்கிற அந்தக் கனத்த செண்டை, வரவே இல்லை.

"அண்ணே, வலந்தலக்காரிய எந்த ஸ்டாப்புல இறக்கி விட்டீங்க?" என்றார் சுனிதா.

பேஸ் குமிழைத் திருகினேன். இன்னும் திருகினேன். ஆம்ப் சூடானதுதான் மிச்சம்.

"மாமா இப்ப வந்துருவாரு. இதைக் கேட்டா இந்த வருசமும் நாங்க வீட்டு முற்றத்துலதான் கொட்டணும்."

ஸ்பீக்கர் என்பது காற்றைத் தள்ளி இழுக்கும் ஒரு கூம்பு, அவ்வளவுதான். செட் தருவது மெலிந்த சிக்னல். ஆம்ப் அதைக் கொழுக்க வைக்கிறது. கூம்பு அதற்கேற்ப ஆடுகிறது. இரண்டு கூம்பும் சேர்ந்து தள்ளினால் இடி பிறக்கும். ஒன்று தள்ளும்போது மற்றது இழுத்தால், கனத்த ஒலியை ஒன்றுக்கொன்று தின்றுவிடும்.

கதவு பேனலைக் கழற்றி, டார்ச் பேட்டரியை ஒயர் முனைகளில் லேசாகத் தொட்டேன். வலக் கதவின் கூம்பு வெளியே துள்ளியது. இடக் கதவின் கூம்பு உள்ளே பதுங்கியது. முன்பு யாரோ ஒயரில் ஒட்டுப் போட்டபோது கதவுக்குள் பிளஸ்ஸும் மைனஸும் மாறியிருக்கிறது. நான் ஒயரின் நிறத்தை நம்பி மாட்டியிருக்கிறேன்.

சுனிதா சிரித்துவிட்டார். "எங்க குழுவிலயும் ஒருத்தி உண்டு அண்ணே. நாங்க கைய ஓங்கும்போ அவ இறக்குவா!"

ஒயர் முனைகளை மாற்றி ஈயம் வைத்து ஒட்டினேன். புகை அடங்குமுன் மாமா வந்து ஏறிவிட்டார். கதவை அடைத்துப் பதிவைப் போட்டேன். இடித்தது! ரியர்வியூ கண்ணாடி நடுங்கியது. மாமாவின் மூக்குக்கண்ணாடியும் நடுங்கியது.

மாமா என் பக்கம் திரும்பினார். "எலே, சத்தியம் சொல்லு. இது பெண்ணுங்க கையா, உனக்க மெஷினா?"

அதுவரை செண்டையைத் தின்ற என் வேலை, இப்போது அதை அடித்தவர்களின் பெயரையும் தின்னப் பார்த்தது.

சுனிதா செட்டை அணைத்தார். பின்கதவைத் திறந்து, அங்கே வைத்திருந்த வலந்தலையை எடுத்துத் தோளில் மாட்டினார். அடித்தார். கண்ணாடி அதே நடுக்கம் நடுங்கியது. செட் திருட்டுத்தனமாக ஓடுகிறதோ என்று மாமா அதன்மேல் கை வைத்துப் பார்த்தார். அணைந்துதான் இருந்தது.

"போதும் மக்கா, செவி போயிரும்! மிச்சத்த உற்சவத்துக்கு வந்து அடி."

அன்று முதல் நான் நிறத்தை நம்புவதில்லை. குமிழைத் திருகுமுன் கூம்பைப் பார்க்கிறேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களும் அப்படியே செய்யுங்கள்.

வேனைக் கிளப்பிய சுனிதா தலையை வெளியே நீட்டினார்.

"வாறேன் அண்ணே. உற்சவத்துக்கு வரணும். பேட்டரி ஒண்ணும் கொண்டு வரண்டாம், கேட்டீங்களா!"