வரம்புக்கும் தசமபாகம்

எங்கள் சபையில் ஆனந்தபாயைத் தெரியாதவர்கள் இல்லை. பாறசாலைக்குக் கிழக்கே, தனுவச்சபுரம் போகிற ரோட்டோரமாக மூன்று தையல் மெஷின் போட்டு உடுப்பு தைத்துக் கொடுப்பவர். புருஷன் நேசையன் ஆட்டோ ஓட்டுகிறார். கையில் எது வந்தாலும் பத்தில் ஒரு பங்கை முதலில் ஆலயத்துக்கு எடுத்து வைத்துவிட்டுத்தான் ஆனந்தபாய் அரிசி வாங்குவார். கோழி பத்து முட்டை இட்டால் ஒன்று போதகர் வீட்டுக்குப் போகும். இதில் அவருக்குத் தர்க்கமே கிடையாது.

மஸ்கட்டில் இருக்கிற தம்பி அக்காள் பெயரில் நெய்யாற்றின்கரை பாங்கு ஒன்றில் பணம் போட்டு வைத்திருந்தான். அந்த நம்பிக்கையில் பாங்குக்காரர்கள் ஆனந்தபாய்க்கு ஒரு கடன் அட்டை கொடுத்தார்கள். பத்தாயிரம் ரூபாய் வரைக்கும் சாமான் வாங்கிக்கொள்ளலாம், பிறகு அடைத்தால் போதும். தொண்ணூற்றெட்டில் எங்கள் பக்கம் அது பெரிய அதிசயம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஸ்தோத்திரக் காணிக்கை வாசிக்கும்போது போதகர் சுந்தரதாஸ் ஐயா சீட்டைப் பார்த்துக் கொஞ்சம் திகைத்து, பிறகு வாசித்தார்: "கடன் அட்டை கிடைத்ததற்காக, ஆனந்தபாய், ஆயிரம் ரூபாய்." பெண்கள் பக்கத்தில் எல்லாத் தலைகளும் ஒன்றாகத் திரும்பின.

வெளியே வந்ததும் நேசையன் பிடித்துக்கொண்டார்.

"எனக்க பொன்னு பிள்ளே, அது நமக்குக் கிட்டின பைசா இல்ல. திருப்பிக் குடுக்க வேண்டிய பைசாயாக்கும்."

"எனக்குத் தெரியாதா? பைசா தரல்ல, செரி. பத்தாயிரத்துக்கு என்னை நம்பினானா இல்லியா? உங்கள ஒரு பத்து ரூவாய்க்கு ஆராவது நம்புவினுமா?"

நேசையன் ஆட்டோவைக் கிளப்பிவிட்டார்.

ஒரு வருஷம் கழிந்து அதே பாங்கு புதுசாக இன்னொரு அட்டை இறக்கியது. ஒழுங்காகப் பணம் அடைக்கிறவர் என்று ஆனந்தபாய்க்கு அதையும் கொடுத்தார்கள். இதற்குப் பதினைந்தாயிரம். ஆலயத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு போயிற்று.

இப்படியிருக்கையில்தான் நர்சிங் பள்ளிக்கூடம் நடத்துகிற சத்யபாமா அம்மா வந்தார். நூற்றிருபது பிள்ளைகளுக்கு யூனிபார்ம். ஆனந்தபாய் இதுவரை காணாத வேலை. ஆனால் ஓரம் பிரியாமல் ஓவர்லாக் போட்டுத் தைக்க வேண்டும், அதற்கு மெஷின் வேண்டும்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து நான் மெஷினைப் பாப்பேன். இல்லெங்கில் திருவனந்தபுரத்துல ஒரு ஆளு உண்டு, அவனுக்குக் குடுப்பேன். பிறகு எங்கிட்ட வருத்தப்படக்கூடாது, கேட்டீங்களா?"

திருவனந்தபுரத்துக் கடையில் மெஷின் இருபத்திரண்டாயிரம். கார்டு எடுப்பார்கள், ஆனால் ஒரு பில்லுக்கு ஒரு கார்டுதான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். இரண்டு அட்டையும் சேர்ந்தால் இருபத்தைந்தாயிரம் இருக்கிறது. தனித்தனியே ஒன்றும் எட்டவில்லை.

செவ்வாய்க்கிழமை இருவரும் பாங்குக்குப் போனார்கள். சதாசிவன் என்கிற ஆபீசர் சிரித்துக்கொண்டே வழி சொன்னார்.

"இதுக்கா சேச்சி விசனப்படுதீங்க? ரெண்டும் நம்ம பாங்கு கார்டுதானே. சின்னதுல எட்டாயிரம் கொறச்சுப் பெரியதுல எட்டாயிரம் கூட்டித் தாறேன். மொத்தம் பழைய இருபத்தஞ்சுதான். ஒரு கடிதம் எழுதி ஒப்பிட்டாப் போதும். நாளைக்குத் தந்தாலும் வெள்ளிக்கிழமை காலத்த ரெடி."

கையெழுத்துப் போட ஆனந்தபாய் பேனாவை எடுத்தார். எடுத்த கை அப்படியே நின்றது.

"அப்போ பெரிய கார்டுல எட்டாயிரம் கூடுதல்லா?"

"கூடும்."

"அதுக்கு எண்ணூறு வைக்கணுமே."

சதாசிவனுக்கு ஒன்றும் புரியவில்லை. நேசையனுக்குப் புரிந்துவிட்டது.

"சின்ன கார்டுல எட்டாயிரம் கொறயுதே, அதுக்கு என்ன செய்வ? போதகரிட்டப் போயி எண்ணூறு ரூவா திருப்பித் தாருங்கன்னு கேளு! போ! நான் ஆட்டோவுல கொண்டு விடுதேன்!"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஆனந்தபாய் ஒப்பிடாமல் எழுந்து வந்துவிட்டார். தேவனுக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்க வாய் வராது. எண்ணூறு கொடுக்கலாமென்றால் வீட்டில் அப்போது கரண்டு பில்லுக்கு வைத்த பணம்தான் இருந்தது. கொடுக்காமல் ஒப்பிட்டால் அந்த மெஷினில் கை வைக்க மனசு ஒத்துக்கொள்ளாது.

மறுநாள் காலையில் போதகர் வீட்டுக்குப் போனார். ஐயா நல்லமிளகு பறிக்க ஏணியில் நின்றுகொண்டிருந்தார். கீழே நின்றே ஆனந்தபாய் விஷயத்தைச் சொன்னார்.

"ஒண்ணும் வேண்டாம் ஆனந்தம். போயி ஒப்பிடு" என்றார் ஐயா, ஏணியிலிருந்தே.

"அதெப்படி ஐயா இவ்வளவு எளுப்பமா சொல்லுதீங்க? நமக்கு லாபமா வாற வசனத்தை ரெண்டு மட்டம் வாசிக்கணும்னு நீங்கதானே பிரசங்கம் பண்ணினீங்க?"

ஐயா ஏணியில் இன்னொரு படி மேலே ஏறிக்கொண்டார். நல்லமிளகைக் காயப் போட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி விலாசினிதான் தலையை நிமிர்த்தினார்.

"ஆனந்தம், வீட்டுல அரிசிய ஒரு பானையில இருந்து மத்த பானையில தட்டுனா, புதுசா பிடியரிசி எடுப்பியா?"

"அது எதுக்கு? அளந்தப்பமே எடுத்தாச்சே."

"பின்ன?"

ஆனந்தபாய் யோசித்தார். சமையலுக்கு அளக்கிறபோது ஒரு பிடி ஆலயத்துக்கு எடுப்பது எங்கள் எல்லா வீட்டிலும் உண்டு. பானை மாற்றும்போது எடுப்பவர்கள் யாரும் இல்லை.

"இன்னொண்ணும் சொல்லட்டா?" என்றார் விலாசினி. "நியாயமா பாத்தா, தச்சுக் கூலி வாறப்போ வைக்க வேண்டிய பங்கை நீ முன்னமே ரெண்டாயிரத்தைஞ்ஞூறு வச்சாச்சு. யூனிபார்ம் பைசா வாறப்போ அதைக் கழிச்சுக்கோ. கர்த்தரிட்டயும் ஒனக்கு ஒரு கார்டு உண்டாக்கும்!"

"எக்கா, வாயக் கழுவுங்க!" என்று ஆனந்தபாய் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "ஆண்டவரிட்டயா கணக்குத் தீக்கது? வச்சது வச்சதுதான். கூலி வாறப்போ அதுக்குள்ளது வேற."

ஐயா ஏணியில் சிரித்ததில் கூடையோடு நல்லமிளகு கீழே கொட்டிற்று. பொறுக்கிக் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் நெய்யாற்றின்கரை போய் ஆனந்தபாய் ஒப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் கடைக்காரர் பாங்குக்குப் போன் போட்டுக் கேட்டார். சம்மதம் கிடைத்தது. நேசையன் மெஷினைப் பழைய சேலையால் சுற்றி ஆட்டோவில் ஏற்றி, வழி நெடுகக் கைக்குழந்தையைக் கொண்டுவருவதுபோல மெல்ல ஓட்டி வந்தார்.

சாயங்காலம் சத்யபாமா அம்மா படியேறவும் கரண்டு போகவும் சரியாக இருந்தது. தினமும் அரை மணி நேரம் பவர்கட்டு உண்டு, அதை யாரும் நினைக்கவில்லை.

"மெஷின் ஓடுமா, இல்ல காட்சிக்குத்தானா?" என்று அவர் இருட்டிலேயே கேட்டார்.

"ஓடும் அம்மா. ஒரு கட்டஞ்சாயா குடிங்க, அதுக்குள்ள வந்துரும்."

ஒரு சாயா குடித்து முடிந்தது. மழையைப் பற்றிப் பேச்சு வந்தது, ரப்பர் விலையைப் பற்றி வந்தது, கரண்டு மட்டும் வரவில்லை. அந்த அம்மா பையைத் தோளில் மாட்டி எழுந்தேவிட்டார். ஆனந்தபாயின் உதடு இருட்டில் அசைந்துகொண்டே இருந்தது.

அப்போது பல்பு எரிந்தது. ஆனந்தபாய் மெஷினில் உட்கார்ந்து ஒரு வெள்ளைத் துணியை உள்ளே விட்டார். சர்ரென்று ஒரே ஓட்டம். சத்யபாமா அம்மா துணியை வாங்கி இரண்டு கையாலும் பலங்கொண்ட மட்டும் இழுத்தார். திருப்பிப் பிடித்து இன்னொரு தடவை இழுத்தார். ஒரு நூல் பிரியவில்லை.

"திங்கக்கெழமை பள்ளிக்கூடத்துக்கு வாருங்க, பிள்ளையளுக்கு அளவெடுக்க."

ஆனந்தபாய் மெஷின்மேல் கையை வைத்து ஜெபத்துக்குக் கண்ணை மூடிவிட்டார். என்ன செய்வதென்று தெரியாமல் சத்யபாமா அம்மாவும் மரியாதைக்குக் கை கூப்பி நின்றார்.

"இருங்க அம்மா," என்று நேசையன் ஸ்டூலை எடுத்துப் போட்டார். "இது கொஞ்சம் நீளும்."