நடக்கும் வேகம்

அவன் வாசித்ததைக் கேட்டு, விழுப்புரம் சர்ச் ஹாலில் ஒரு டீச்சரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டபோது எனக்கு வயிறு எரிந்தது. இதை நாசூக்காகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நடந்தது வெறும் ஒத்திகைதான். வாசித்தவன் என் நண்பன். வாசித்தது, ஐரோப்பாக்காரர் ஒருவர் ட்ரம்பெட்டுக்கும் பியானோவுக்குமாக எழுதிய சொனாட்டா. மூன்று பகுதி கொண்ட அதில் நடுப் பகுதியைத்தான் அன்று வாசித்தான். அந்த இடத்தில் நிற்க வேண்டியவன் நான் என்று நம்பிக்கொண்டு பின் வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

திண்டிவனத்தில் ஒரே சர்ச் பேண்டில் ஒரே நாளில் ட்ரம்பெட்டைக் கையில் எடுத்தவர்கள் நாங்கள். நான் சென்னைக்குப் போய் மேற்கத்திய இசையில் கிரேடு தேர்வுகள் எழுதி, சான்றிதழ்களுக்குச் சட்டம் போட்டு மாட்டி, ஊரிலேயே ஒரு தனியார் பள்ளியில் மியூசிக் சார் ஆனேன். அவன் விழுப்புரத்தில் எலக்ட்ரீஷியன். கல்யாணம், சாவு என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் பேண்டு செட்டோடு போய் வாசிப்பான். கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு கச்சேரி செய்ய விரும்பிய புதுச்சேரி பியானோ மேடம் எங்கள் இரண்டு பேரையும் வரவழைத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டார். என்னிடம் சான்றிதழ்களைப் பற்றி மரியாதையாக விசாரித்தார். அவனிடம் எந்தெந்த நாள் வசதிப்படும் என்று விசாரித்தார்.

ஒத்திகை முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு ஒரு பிடி கிடைத்தது. அவன் வாசித்த வேகம். அது ரொம்ப மெதுவு. பாடைக்கு முன்னால் நடந்து நடந்து பழகியவன், சொனாட்டாவையும் அதே நடையில் கொண்டுபோகிறான் என்று நினைத்துக்கொண்டேன். கூட்டேரிப்பட்டு தாண்டுவதற்குள் மனசு லேசாகிவிட்டது.

எழுதியவர் என்ன வேகத்தை மனதில் வைத்திருந்தார் என்று கண்டுபிடித்துவிட்டால் போதும். சாப்பாட்டு இடைவேளையில் பள்ளிக் கம்ப்யூட்டர் ரூமில் உட்கார்ந்து தேட ஆரம்பித்தேன். எழுதியவரே பியானோ வாசித்த ஒரு பழைய இசைத்தட்டின் பதிவு கிடைத்தது. கடிகாரத்தை வைத்து அளந்து பார்த்தேன். என் நண்பனைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகம். அது போதவில்லை எனக்கு. கையெழுத்துப் பிரதி வைத்திருக்கும் வெளிநாட்டு நூலகத்துக்கு, ஆராய்ச்சியாளன் என்று கூசாமல் என்னைச் சொல்லிக்கொண்டு மெயில் போட்டேன். அவர்கள் நடுப் பகுதியின் முதல் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பிவிட்டார்கள்.

பக்கத்தின் உச்சியில், நடக்கும் வேகத்தில் என்று அவர் பாஷையில் எழுதியிருந்தார். அதை ஒட்டி ஸ்வரக் குறியாக ஒரு குட்டி நோட்டு வரைந்து, ஐம்பது என்று போட்டிருந்தார். அந்த நோட்டின் தலை உள்ளே வெள்ளையாக இருந்தது. வெள்ளை நோட்டு கறுப்பு நோட்டைவிட இரண்டு மடங்கு நீளம். நிமிடத்துக்கு ஐம்பது வெள்ளை நோட்டு என்றால் நூறு கறுப்பு நோட்டு, நோட்டுக்கு ஒரு அடியாக மனுஷன் சாதாரணமாக நடக்கிற வேகம். ஐம்பது கறுப்பு நோட்டு என்றால் அதில் பாதி, அதாவது என் நண்பனின் வேகம். அவன் வெள்ளையைக் கறுப்பாகப் படித்திருக்கிறான். நான் கம்ப்யூட்டர் ரூமில் தனியாகச் சிரித்தேன்.

வீட்டில் மனைவி மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். கூட உட்கார்ந்து கடலையை உரித்துக்கொண்டே எல்லாவற்றையும் விளக்கினேன். அவள் கடைசி வரைக்கும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அவரு தப்பா வாசிக்கிறாருன்னு வருத்தப்பட்டுக்கினு கீறீங்களா, சந்தோஷப்பட்டுக்கினு கீறீங்களா?” என்றாள். இது ஆராய்ச்சி, உனக்குப் புரியாது என்று எழுந்துபோனேன்.

அவனுக்கு போனில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்த ஒத்திகைக்குப் போய், மேடத்தின் முன்னால் அந்தப் படத்தை எடுத்துக் காட்டினேன். டீச்சரம்மாவும் இருந்தார், நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். தன்னிடம் இருக்கும் புத்தகத்தில் நடக்கும் வேகம் என்ற வார்த்தை மட்டும்தான் இருக்கிறது, எண் இல்லை, அதனால் அவனுடைய காகிதத்தை நம்பியதாகச் சொன்னார். பிறகு அவன் பக்கம் திரும்பினார்.

அவன் பையிலிருந்து தன் ஜெராக்ஸை எடுத்து ஸ்டாண்டின் மேல் வைத்தான். ஓரமெல்லாம் மடிந்து பழுப்பேறிய காகிதம். பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது.

பேண்டு செட்டில் ஒரு பழக்கம் உண்டு. ஊர்வலத்தில் நடந்துகொண்டே படிக்க வேண்டும் என்பதால், மங்கலான ஜெராக்ஸின் மேல் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் திரும்ப எழுதிவிடுவோம். மை போடுவது என்போம். சென்னையில் படித்த காலத்தில் இந்தச் சொனாட்டாவை நான்தான் ஜெராக்ஸ் எடுத்துவந்தேன். பக்கம் பக்கமாக மை போட்டதும் நான்தான். ஆறு மாதம் மல்லுக்கட்டியும் வாய்க்கு அடங்காமல் போக, நீ வைத்துக்கொள் என்று அவனிடம் தள்ளிவிட்டேன். அதை மறந்தும் போனேன். பக்கத்தின் உச்சியில் அந்தக் குட்டி நோட்டின் தலை கன்னங்கரேல் என்று மை நிரம்பிக் கிடந்தது.

“உன் பேனாதான்டா இது,” என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். “நீ பரீட்சை எழுதனவன். நீ மை போட்டா கரெக்டாதான் இருக்கும்னு இத்தினி வருஷமா அப்டியே வாசிச்சிக்கினு இருந்தேன்.”

மேடம் ஜன்னல் பக்கம் பார்த்தார். அவனோ ட்ரம்பெட்டை எடுத்து, சரி மேடம், அந்த வேகத்தில் ஒருதரம் பார்த்துவிடலாம் என்றான்.

வாசித்தான். இடறுவான் என்று அப்போதும் காத்திருந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். இடறவில்லை. இவ்வளவு நாள் அழுகையாக இருந்தது, காலையில் யாரோ நல்ல சேதியோடு நடந்துவருவது மாதிரி ஆகிவிட்டது. டீச்சரம்மா இந்த முறை சிரித்தார். நான் தோண்டி எடுத்த உண்மையை நான் வாசித்திருக்கவே முடியாது. அதை அவன் கையில் கொண்டுபோய்க் கொடுத்ததும் நானேதான்.

வெளியே டீ குடிக்கும்போது, இதையெல்லாம் எப்படித் தேடிப் பிடித்தாய் என்று கேட்டான். பொய் சொல்லத் தெம்பில்லை. உன் மேல் இருந்த பொறாமையில் தேடினேன் என்றேன்.

அவன் டீயை ஊதி ஒரு வாய் குடித்தான். “இன்னும் ரெண்டு பார்ட்டு கீது மச்சான்,” என்றான். “கச்சேரிக்குள்ள அதையும் தேடிக் குடுத்துடு.”

தேடிக்கொண்டிருக்கிறேன். முதல் பகுதியை முடித்துவிட்டேன், மூன்றாவதில் பாதி வரைக்கும் வந்துவிட்டேன். இதுவரை அவனிடம் ஒரு தப்பும் கிடைக்கவில்லை.