கெசியாவின் ஏப்ரன்

கனெக்டிகட் ஆற்றங்கரையில் மெஹிட்டபெல்லைப் போல அடுப்பைக் கட்டிக்காத்தவள் வேறு யாருமில்லை. இரவில் தணல் அணையாதபடி சாம்பலால் மூடாமல் படுக்க மாட்டாள். அடுப்படியில் கம்பளிப் பாவாடைதான் கட்ட வேண்டும் என்பது அவள் வீட்டுச் சட்டம். கம்பளியில் பொறி விழுந்தால் கருகி நாறும், அவ்வளவுதான். ஆளிச்செடி நாரில் நெய்த துணியோ குப்பென்று பற்றிக்கொள்ளும். ஊர்ப் பெண்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அவளுக்கும் தெரியும். தெரிந்து என்ன பயன்!

அந்த வருடம்தான் மகள் கெசியா முதன்முதலாகத் தானே ஆளிநார் நூற்றாள். சின்னப் பிள்ளை நூற்ற நூல் எப்படி இருக்கும்? ஓரிடம் தடி, ஓரிடம் மயிரிழை. அதையும் தறியில் ஏற்றி நெய்து, அவளுக்கே ஒரு ஏப்ரன் தைத்தாள் மெஹிட்டபெல்.

"நீலக்கரை வச்சுத் தாம்மா."

"அவுரிச் சாயச் சட்டி இன்னும் புளிக்கலடி. ஒரு வாரம் பொறு. லண்டன் ராஜா மகளுக்குக்கூட இவ்ளோ அவசரம் இருக்காது."

கரையில்லாத வெறும் வெள்ளை ஏப்ரன். அதற்கே பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் காலை பார்த்தால் தணல் அணைந்து கிடந்தது. தைக்கிற மும்முரத்தில் சாம்பலால் சரியாக மூடாமல் விட்டிருந்தாள். வெளியே பனி கொட்டிக் கிடந்தது. அடுப்பு அணைந்தால் பக்கத்து வீட்டுக்குத் தணல் வாங்கப் போவது எப்போதும் பிள்ளைகள்தான். நெருப்புச் சட்டியை மகளிடம் கொடுத்தாள்.

"ஏப்ரன் கட்டிட்டுப் போறேம்மா. ஹெப்சிபா அத்தை பாக்கட்டும்."

வாய்வரை வந்த அதட்டலை மெஹிட்டபெல் விழுங்கிவிட்டாள். தன் தறி, தன் மகள் நூல். ஹெப்சிபா பார்க்கட்டுமே என்று அவளுக்கும் ஆசைதான்.

"சரி, போ. வர்றப்ப ஓடாதே."

திரும்பும் வழியில் வேலியோரம் கெசியா வழுக்கி விழுந்தாள். தணல் மடியில் கொட்டியது. அலறல் கேட்டு ஓடிய தாய் வெறுங்கையால் பனியை வாரி வாரிக் கொட்டினாள். பிள்ளை அன்று மாலைவரைகூடத் தாங்கவில்லை.

அதன்பிறகு எந்தப் பிள்ளை தணல் கேட்டு வந்தாலும், அதை உட்காரவைத்துச் சோளக்கூழ் ஊற்றிக் கொடுத்துவிட்டு, மெஹிட்டபெல்லே சட்டியைத் தூக்கிக்கொண்டு போவாள். கேட்க வேண்டிய ஒன்றை மட்டும் ஹெப்சிபாவிடம் கேட்கப் பயந்தாள். தலை நரைத்தபிறகு, இருவரும் கம்பளிக்குச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த ஒரு மதியம், கேட்டேவிட்டாள்.

"ஹெப்சி, அன்னைக்கு அவ ஏப்ரனைக் காட்டினாளா?"

"காட்டாம இருப்பாளா அக்கா? மாவுக் கையோட நின்னுட்டு இருந்தேன். 'அடியே, உங்கம்மா தோத்தா போ'ன்னேன். சிரிச்சா பாரு ஒரு சிரிப்பு! அந்த நீலக்கரை அவளுக்கு அப்படி எடுப்பா இருந்துச்சு."

மெஹிட்டபெல்லின் கை நின்றது. அந்த ஏப்ரனில் கரையே இல்லையே. அப்படியானால் இவள் அன்று மாவிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காட்டப் போன பிள்ளையை யாருமே பார்க்கவில்லை. ஹெப்சிபாவோ கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா ஹெப்சி," என்றாள். "நீலம் அவளுக்கு நல்லாத்தான் இருந்திருக்கும்."